அடுத்த கேள்வியைக் கேட்காத காவலர்கள்: ஐரோப்பியக் குற்றத் தொடர்கள் ஏன் எரிச்சலூட்டுகின்றன?

ஐரோப்பியக் குற்றத் தொடர்களைச் சப்டைட்டிலுடன் விரும்பிப் பார்த்துவரும் ஒருவர், முதல் எபிசோடில் ஏற்படும் ஈர்ப்பு எட்டாவது எபிசோடு முடிவதற்குள் எரிச்சலாக மாறிவிடுவதாகவும், இதற்குத் தன் பொறுமையின்மை காரணமா, எழுத்தின் தரம் காரணமா என்றும் கேட்டிருக்கிறார். பெரும்பாலான நேரங்களில் எழுத்துதான் காரணம் என்பது என் பதில். அந்தத் தொடர்களின் இருண்ட வானமும், மெதுவான நடையும், குறைந்த பேச்சும் குறைகளல்ல. அவற்றுக்காகத்தான் நாம் அவற்றைத் தேடிப் போகிறோம். ஒளிப்பதிவிலும் நடிப்பிலும் இன்றும் அவை உயர்ந்த தரத்திலேயே இருக்கின்றன. அந்த உழைப்பையெல்லாம் திரைக்கதை வீணடிப்பதுதான் நம்மைக் கோபப்படுத்துகிறது.

எரிச்சலின் வேர் என்று நான் கருதுவது ஒன்றுதான். மோசமாக எழுதப்பட்ட தொடரில், கதை நகர்வதற்காகக் கதாபாத்திரங்கள் அறிவை இழக்க வேண்டியிருக்கிறது. இருபது ஆண்டு அனுபவமுள்ள ஓர் ஆய்வாளர், வீட்டில் உட்கார்ந்திருக்கும் நமக்கே தோன்றும் அடுத்த கேள்வியைக் கேட்பதில்லை. சாட்சி ஒருவர் இரவில் அவரைத் தொலைபேசியில் அழைத்து, "கொலை செய்தது யார் என்று எனக்குத் தெரியும், ஆனால் போனில் சொல்ல முடியாது, நேரில் வாருங்கள்" என்கிறார். ஆய்வாளர் "சரி, வருகிறேன்" என்று தொடர்பைத் துண்டிக்கிறார். யார், ஏன், இப்போது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா, ரோந்து வாகனம் ஒன்றை அனுப்பட்டுமா என்று எதையும் கேட்பதில்லை. தனியாகக் காரை எடுத்துக்கொண்டு போகிறார். சக அதிகாரிக்குச் சொல்வதில்லை. போய்ச் சேரும்போது சாட்சி இறந்து கிடக்கிறார். அந்த ஒரு கேள்வி கேட்கப்பட்டிருந்தால் கதை மூன்றாவது எபிசோடிலேயே முடிந்திருக்கும் என்பது எழுதியவருக்கும் தெரியும், பார்ப்பவருக்கும் தெரியும். கதாபாத்திரத்துக்கு மட்டும்தான் அது தெரிவதில்லை.

இதற்கு நெருங்கிய உறவுடைய இன்னொரு குறை, காவலர் அறிந்ததைப் பார்வையாளரிடமிருந்து மறைப்பது. ஆய்வாளர் ஒரு பழைய புகைப்படத்தை எடுத்துப் பார்க்கிறார், கேமரா புகைப்படத்தைக் காட்டாமல் அவருடைய அதிர்ந்த முகத்தைக் காட்டுகிறது, எபிசோடு முடிகிறது. அதுவரை அவர் பார்த்ததையெல்லாம் நாமும் பார்த்து, அவர் கேட்டதையெல்லாம் நாமும் கேட்டு, அவரோடு சேர்ந்தே யோசித்து வந்திருக்கிறோம். அந்தக் கணத்தில் மட்டும் நம்மை வெளியே நிறுத்துவது நேர்மையற்ற செயல். துப்பறியும் கதைக்கு இது புதிய சிக்கலும் அன்று. 1929-இல் ஆங்கிலப் பாதிரியாரும் எழுத்தாளருமான ரொனால்டு நாக்ஸ் துப்பறியும் கதைகளுக்காகப் பத்து விதிகளை வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே அறிமுகமாகியிருக்க வேண்டும், துப்பறிபவர் கண்டுபிடிக்கும் தடயங்கள் வாசகருக்கும் உடனே சொல்லப்பட வேண்டும் என்பவை அவற்றுள் அடங்கும். சில விதிகள் இன்று காலாவதியாகிவிட்டன. இந்த இரண்டும் ஆகவில்லை. ஆறு எபிசோடுகளில் இரண்டே முறை தலைகாட்டிய பக்கத்து வீட்டுக்காரர் இறுதியில் கொலையாளியாக வந்து நிற்கும்போது நமக்கு வருவது வியப்பு அன்று, சலிப்பு.

இந்த வகைத் தொடர்களுக்கு உலகச் சந்தையைத் திறந்துவிட்டவற்றுள் முதன்மையானது டென்மார்க்கின் அரசுசார் ஒளிபரப்பு நிறுவனமான டிஆர் 2007-இல் வெளியிட்ட 'ஃபோர்பிருடெல்சன்'. 2011-இல் பிபிசி ஃபோர் அலைவரிசையில் 'தி கில்லிங்' என்ற பெயரில் வந்தபோதுதான் வெளியுலகம் அதைக் கவனித்தது. முதல் சீசனில் ஒரே கொலைக்கு இருபது எபிசோடுகள். ஒவ்வொன்றும் விசாரணையின் ஏறத்தாழ ஒரு நாள். கதையை எழுதிய சோரென் ஸ்வெய்ஸ்ட்ரூப் அதிலும் சந்தேகத்தை ஒருவர் மாற்றி ஒருவர் மேல் திருப்பிக்கொண்டேதான் இருக்கிறார். பல சந்தேகங்கள் பொய்யாகப் போகின்றன. ஆனாலும் நமக்கு எரிச்சல் வருவதில்லை. இறந்த பெண்ணின் உடல் கிடைத்த கார், கோபன்ஹேகன் மேயர் பதவிக்குப் போட்டியிடும் ஓர் அரசியல்வாதியின் பிரசார அலுவலகத்துக்குச் சொந்தமானது. அதனால் அரசியல் கதை ஒரு தடயத்தின் வழியாகவே உள்ளே வருகிறது, வெளியிலிருந்து ஒட்டவைக்கப்படவில்லை. பெண்ணின் ஆசிரியர் மீது சந்தேகம் விழும்போது அது அவருடைய வாழ்க்கையையும், தேர்தலையும், மகளை இழந்த தாய் தந்தையின் மனத்தையும் ஒரே நேரத்தில் காயப்படுத்துகிறது. சந்தேகம் விலகிய பிறகும் அந்தக் காயம் விலகுவதில்லை. இன்றைய மோசமான தொடர்களில் நான்காவது எபிசோடில் கைதாகும் அப்பாவி ஐந்தாவது எபிசோடில் விடுவிக்கப்பட்ட பின் கதையிலிருந்தே காணாமல் போய்விடுகிறார். தவறான கைதுக்கு விலை எதுவும் இல்லாவிட்டால் அது வெறும் நேரக் கடத்தல்.

டென்மார்க் நிறுவனம் அந்தக் காலத்தில் இரண்டு கொள்கைகளை வெளிப்படையாகவே பின்பற்றியது. தொடரின் பார்வை ஒரே எழுத்தாளருடையதாக இருக்க வேண்டும், மற்றவர்கள் அதற்குத் துணை நிற்க வேண்டும் என்பது ஒன்று. மேல்தளத்தில் ஓடும் கதைக்கு அடியில் சமூகம் பற்றியோ அறம் பற்றியோ இரண்டாவது கதை ஒன்று இருந்தாக வேண்டும் என்பது மற்றொன்று. பின்னால் வந்த நகல்கள் மேல்தளத்தை மட்டும் எடுத்துக்கொண்டன. டென்மார்க்கும் சுவீடனும் இணைந்து தயாரித்த 'தி பிரிட்ஜ்' 2011-இல் வெளிவந்தபோது, ஓரேசுண்ட் பாலத்தில் இரு நாட்டு எல்லைக்கோட்டின் மீது கிடக்கும் பெண் உடல் உலகெங்கும் பேசப்பட்டது. உண்மையில் அது இரண்டு பெண்களின் உடல்: மேற்பாதி சுவீடன் அரசியல்வாதி ஒருவருடையது, கீழ்ப்பாதி டென்மார்க்கைச் சேர்ந்த, பாலியல் தொழில் செய்துவந்த ஒரு பெண்ணுடையது. ஒருத்தியின் சாவுக்கு இரு நாட்டுக் காவல்துறையும் திரண்டு வருகிறது, மற்றவளைப் பற்றி யாரும் அவ்வளவு அக்கறை காட்டியதில்லை என்ற குற்றச்சாட்டு அந்தக் காட்சிக்குள்ளேயே இருக்கிறது. பிறகு பல நாட்டு எல்லைகளில் இதே தொடக்கம் மறுபடி மறுபடி எடுக்கப்பட்டது. எல்லைக்கோடும் உடலும் அப்படியே இருந்தன, அந்தக் குற்றச்சாட்டின் கூர்மை மழுங்கிக்கொண்டே போனது. மூலத் தொடரைக்கூட நான் முழுமையாகப் புகழ மாட்டேன். சமூக அநீதிகளை முன்வைத்துத் தொடங்கிய முதல் சீசன், பிற்பகுதியில் தனிப்பட்ட பழிவாங்கலாகச் சுருங்கிவிடுகிறது. எதையும் முன்கூட்டியே அறிந்து, எங்கும் நுழைந்து, ஒருபோதும் தவறு செய்யாத கொலையாளி என்ற பிற்காலத்து நோய்க்கு அதிலும் அறிகுறி இருக்கிறது.

அந்தத் தொடரின் நாயகி சாகா நோரென் பாத்திரம்தான் இன்னும் அதிகமாக நகலெடுக்கப்பட்டது. சோஃபியா ஹெலின் நடித்த அந்தக் காவலர் சமூக வழக்கங்கள் பிடிபடாதவர், பொய் சொல்லத் தெரியாதவர். அவருடைய இயல்பு விசாரணை நடக்கும் விதத்தையே மாற்றுகிறது, கூட்டாளியோடு உள்ள நட்பையும் ஒரு கட்டத்தில் உடைக்கிறது. நகல்களில் காவலருக்கு ஒரு நோயோ, குடிப்பழக்கமோ, தூக்கமின்மையோ, மறதியோ கொடுக்கப்பட்டிருக்கிறது. அது விசாரணையோடு சேர்வதில்லை, தேவைப்படும் எபிசோடில் மட்டும் தலைதூக்குகிறது. 'தி பிரிட்ஜ்' தொடரை உருவாக்கிய ஹான்ஸ் ரோசன்ஃபெல்ட் 2016-இல் பிரிட்டனின் ஐடிவிக்காக எழுதிய 'மார்செல்லா'வில் நாயகிக்கு அவ்வப்போது நினைவு தப்பிவிடுகிறது. அந்த இடைவெளிகளில் என்ன நடந்தது என்பதைக் கதை தன் வசதிக்கேற்பத் திறந்து மூடுவதாகவே எனக்குத் தோன்றியது. திறமையுள்ள எழுத்தாளரும் இந்தப் பள்ளத்தில் விழக்கூடும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

மறைக்காமலேயே பதற்றத்தை உருவாக்க முடியும் என்பதற்குச் சாலி வெய்ன்ரைட் எழுதிய 'ஹேப்பி வேலி'யைக் காட்டுவேன். 2014, 2016, 2023 ஆகிய ஆண்டுகளில் மூன்று சீசன்களாக, ஒவ்வொன்றும் ஆறு எபிசோடுகளாகப் பிபிசியில் வந்தது. முதல் காட்சியில், இங்கிலாந்தின் மேற்கு யார்க்‌ஷயர் பகுதியில், குழந்தைகள் விளையாடும் இடத்தில் ஓர் இளைஞன் தன் மேல் தீ வைத்துக்கொள்ளப்போவதாக மிரட்டிக்கொண்டிருக்கிறான். தீயணைப்பானைக் கையில் வைத்துக்கொண்டு வரும் சார்ஜன்ட் கேத்தரின் காவுட், அவனைப் பேச்சில் நிறுத்திவைப்பதற்காகத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறார்: வயது, விவாகரத்து, போதையிலிருந்து மீண்டுவரும் தங்கை, இறந்துபோன ஒரு பிள்ளை, பேசாத இன்னொரு பிள்ளை, வளர்க்கும் பேரன். ஒரு நிமிடத்துக்குள் அவருடைய வாழ்க்கை முழுவதும் நமக்குத் தெரிந்துவிடுகிறது, அதுவும் அவர் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே. மற்ற தொடர்கள் இதையே மூன்று எபிசோடுகளுக்குக் கனவுகளாகவும் மங்கலான நினைவுக் காட்சிகளாகவும் நீட்டுகின்றன.

அதே சீசனில் கடத்தல் எப்படித் தொடங்குகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. கணக்கர் ஒருவர் மகளின் பள்ளிக் கட்டணத்துக்காக முதலாளியிடம் சம்பள உயர்வு கேட்கிறார், முதலாளி மறுக்கிறார், அவமானமும் ஆத்திரமும் சேர்ந்து, முதலாளியின் மகளைக் கடத்தலாம் என்ற யோசனையை அவர் ஒரு குற்றவாளியிடம் சொல்லிவிடுகிறார். பிறகு முதலாளி மனம் மாறும்போது காரியம் கைமீறிப் போயிருக்கிறது. குற்றவாளிகள் யார், பெண் எங்கே அடைபட்டிருக்கிறாள் என்பதெல்லாம் தொடக்கத்திலிருந்தே நமக்குத் தெரியும். இருந்தும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறோம், ஏனென்றால் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததை வைத்துக்கொண்டு, தம் நிலையில் யாரும் செய்யக்கூடியதையே செய்கிறார்கள். காவலரும் முட்டாள் இல்லை, குற்றவாளியும் மேதை இல்லை.

இனிச் சட்ட நடைமுறை. நுணுக்கமான பிழைகளைத் தேடிப்பிடிப்பது என் நோக்கமன்று. நடைமுறையை அறியாமல் எழுதுபவர்கள் நல்ல நாடகத்தைக் கோட்டைவிடுகிறார்கள் என்பதே என் வருத்தம். இங்கிலாந்தில் 1984-ஆம் ஆண்டுக் காவல்துறை மற்றும் குற்றச் சான்றுச் சட்டத்தின்படி, முறைப்படி குற்றம் சாட்டாமல் ஒருவரைப் பொதுவாக 24 மணி நேரம்தான் காவலில் வைக்கலாம். கடுமையான குற்றமாக இருந்தால் மேலதிகாரி 36 மணி நேரம் வரையும், நீதிமன்றம் மொத்தம் 96 மணி நேரம் வரையும் நீட்டிக்கலாம். இதைவிட இயல்பான கால நெருக்கடி ஓர் எழுத்தாளருக்கு எங்கே கிடைக்கும்? அதை விட்டுவிட்டு வெடிகுண்டையும் கடத்தப்பட்ட மகளையும் தேடுகிறார்கள். 2013-இல் முதல் சீசனில் பிரிட்டனையே கட்டிப்போட்ட 'பிராட்சர்ச்', 2015-இல் இரண்டாவது சீசனை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனபோது அதன் சட்டக் குறைபாடுகள் பலராலும் விமர்சிக்கப்பட்டன. தாம் சாட்சி சொல்வதற்கு முன்பே சாட்சிகள் பார்வையாளர் பகுதியில் அமர்ந்து விசாரணையைக் கேட்டுக்கொண்டிருந்தது அவற்றுள் ஒன்று. நீதிமன்றத்தின் விதி தளர்ந்தால், அங்கே நடக்கும் வெற்றி தோல்விக்கும் எடை குறைந்துவிடுகிறது.

நேர்மாறாக, 2005 முதல் 2020 வரை பிரான்சில் கனால் பிளஸ் அலைவரிசையில் எட்டு சீசன்கள் ஓடிய 'ஆங்கிரெனாஜ்', அதாவது ஆங்கிலத்தில் 'ஸ்பைரல்', நடைமுறையையே கதையாக்கியது. அதை உருவாக்கிய அலெக்சாந்த்ரா கிளேர் குற்றவியல் வழக்கறிஞராக இருந்தவர். பிரான்சில் பெரிய வழக்குகளை விசாரணை நீதிபதி வழிநடத்துகிறார். காவலர் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். அரசு வழக்கறிஞருக்கு வேறு கணக்கு, எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு வேறு கணக்கு. ஓர் ஆதாரம் கிடைத்தால் மட்டும் போதாது, அது முறைப்படி கிடைத்ததா என்ற கேள்வியில் முழு எபிசோடே நடுங்குகிறது.

தடயவியலுக்கு வருகிறேன், ஏனெனில் தொடர்கள் மிகவும் சோம்பலாக இருப்பது இங்கேதான். மருத்துவர் உடலைப் பார்த்ததும் இரவு பத்துக்கும் பத்தரைக்கும் இடையில் இறந்திருக்கிறார் என்கிறார். உண்மையில் உடல் வெப்பத்தை வைத்துச் சொல்லும் மதிப்பீடு பல மணி நேர இடைவெளி கொண்டது. டிஎன்ஏ பொருந்திவிட்டது என்றால் வழக்கு முடிந்தது, கைப்பேசி எந்தக் கோபுரத்தோடு இணைந்தது என்று தெரிந்தால் ஆள் நின்ற தெருவே தெரிந்துவிட்டது என்று எழுதுகிறார்கள். ஐரோப்பாவில் உண்மையில் நடந்ததை இவர்கள் படித்திருந்தால் இப்படி எழுத மாட்டார்கள்.

2007 ஏப்ரலில் ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் ஓர் இளம் பெண் காவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். காவல் வாகனத்தில் கிடைத்த டிஎன்ஏ, அடையாளம் தெரியாத ஒரு பெண்ணுடையது. அதே டிஎன்ஏ ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் ஆகிய நாடுகளில் 1993 முதல் நடந்த ஏறத்தாழ 40 குற்றங்களில் கிடைத்திருந்தது. கொலைகளும் இருந்தன, சிறு திருட்டுகளும் இருந்தன. பெருங்குழு ஒன்று அந்தப் பெண்ணைத் தேடியது. பிறகு, எரிந்த நிலையில் கிடைத்த ஓர் ஆணின் அடையாளத்தை உறுதிசெய்ய அவருடைய பழைய ஆவணத்தில் இருந்த கைரேகையைச் சோதித்தபோது அதே பெண்ணின் டிஎன்ஏ வந்தது. மறு சோதனையில் வரவில்லை. 2009-இல் உண்மை வெளிப்பட்டது: மாதிரி எடுக்கப் பயன்பட்ட பஞ்சுக் குச்சிகளைத் தயாரிப்பின்போது கையாண்ட ஒரு தொழிலாளியின் டிஎன்ஏ அது. குச்சிகள் கிருமி நீக்கப்பட்டிருந்தன, ஆனால் கிருமி நீக்கம் டிஎன்ஏவை அகற்றிவிடுவதில்லை. அந்தக் காவலரைக் கொன்றவர்கள் ஒரு நவ-நாசி பயங்கரவாதக் குழுவினர் என்பது 2011 நவம்பரில்தான் தெரியவந்தது. இந்தக் கதையில் யாரும் முட்டாளில்லை. எல்லோரும் தம் கருவியை நம்பினார்கள். அந்த நம்பிக்கைதான் இரண்டு ஆண்டுகளை விழுங்கியது. இல்லாத ஒரு பெண்ணைத் தேடிக்கொண்டிருந்த காவலர்களின் மனநிலைக்குள் நுழையத் தெரிந்த எழுத்தாளருக்கு இதுவே பத்து எபிசோடு தாங்கும்.

2019-இல் டென்மார்க் காவல்துறை, தொலைபேசி நிறுவனங்கள் தரும் மூலத் தரவை மாற்றிக்கொடுக்கும் தன் மென்பொருளில் பிழைகள் இருந்ததைக் கண்டறிந்தது. 10,000-க்கும் மேற்பட்ட பழைய வழக்குகளை மறுபரிசீலனை செய்ய வேண்டியதாயிற்று. கைப்பேசி இருப்பிடத் தரவை நீதிமன்றத்தில் பயன்படுத்துவது இரண்டு மாதங்களுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. தங்கள் நாட்டில் இவ்வளவு நடந்த பிறகும், அங்கிருந்து வரும் தொடர்களில் வரைபடத்தின் மேல் சிவப்புப் புள்ளி பிசகில்லாமல் நகர்ந்துகொண்டிருந்தால் எப்படி ஏற்பது?

வழக்கு முடிவதற்குக் குற்றவாளியே கடைசிப் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு விளக்குவதும் இதே சோம்பல்தான். சுவீடனில் மனநல மருத்துவமனையில் இருந்த தாமஸ் குவிக் என்ற ஸ்டூரே பெரிவால், ஏறத்தாழ 30 கொலைகளைச் செய்ததாகச் சொன்னார். அவற்றுள் எட்டில் நீதிமன்றங்கள் அவரைக் குற்றவாளி என்று தீர்த்தன. 2008-இல் தன் வாக்குமூலங்கள் பொய் என்று அவர் அறிவித்தார்; 2013-க்குள் எட்டுத் தீர்ப்புகளும் ரத்தாகிவிட்டன. ஒப்புதல் வாக்குமூலம் கிடைக்கும் இடத்தில்தான் கடினமான கேள்விகள் தொடங்குகின்றன. மோசமான எழுத்தாளர் அங்கே கதையை முடித்துவிடுகிறார்.

ஏன் இப்படி ஆனது என்ற கேள்வியும் எழுகிறது. தேவை கூடிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018-ஆம் ஆண்டு ஒளி-ஒலி ஊடக நெறிமுறை, ஓடிடி தளங்களின் தொகுப்பில் குறைந்தது 30 விழுக்காடு ஐரோப்பியப் படைப்புகள் இருக்க வேண்டும் என்கிறது. அந்த விதியை நான் குறை கூறவில்லை. மொழிகளைக் காக்க அது வேண்டும். ஆனால் எல்லை தாண்டி எளிதில் விற்கும் வகை குற்றக் கதை என்பதால், எழுதி முடிக்கப் போதிய காலம் தராமலேயே அவை எடுக்கப்படுகின்றன என்று நினைக்கிறேன். பல நாட்டு நிறுவனங்கள் சேர்ந்து பணம் போடும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு நகரம், ஒரு நடிகர், ஒரு கிளைக்கதை தேவைப்படுகிறது. நான்கு மணி நேரத்தில் நன்றாகச் சொல்லக்கூடிய கதை எட்டு மணி நேரத்துக்கு இழுபடுகிறது, அந்த நான்கு மணி நேர இடைவெளியை நிரப்புவதற்குத்தான் காவலர்கள் கேள்வி கேட்காமல் இருக்க வேண்டியிருக்கிறது. ஜெர்மனியில் 1970 முதல் ஞாயிறு இரவுகளில் வரும் 'டாட்டோர்ட்' தொடரில் ஒவ்வொரு கதையும் ஏறத்தாழ 90 நிமிடங்களே. அதிலும் சுமாரானவை நிறைய உண்டு. ஆனாலும் அந்த அளவு எழுத்தாளரைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது.

பொழுதுபோக்குக்காக எடுப்பதில் இவ்வளவு தர்க்கம் பார்க்க வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். 2021 மே மாதம் பிபிசியின் 'லைன் ஆஃப் டியூட்டி' ஆறாவது சீசனின் கடைசி எபிசோடை 1.28 கோடி பேர் பார்த்தார்கள். காவல்துறைக்குள் ஒளிந்திருந்த ஊழல் கூட்டத்தின் தலைவன் யார் என்று தெரிந்ததும் பெரும் ஏமாற்றம் எழுந்தது. ஊழலுக்குப் பின்னால் மாமேதை யாரும் இல்லை, திறமையற்ற ஒருவரைப் பலர் சகித்துக்கொண்டார்கள் என்ற அந்த விடை உண்மையில் துணிச்சலானது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் பல ஆண்டுகளாகப் பெரும் சூத்திரதாரியை எதிர்பார்க்கும்படி நம்மைப் பழக்கிய திரைக்கதை, அந்த விடைக்கு நம்மைத் தயார்செய்யவில்லை. அத்தனை பேர் கோபப்பட்டது அவர்கள் கவனித்துப் பார்த்ததனால்தான். கவனிப்பவரின் நேரத்துக்கு எழுத்தாளர் கடன்பட்டிருக்கிறார்.

ஆகவே ஒரு தொடரை இரண்டு எபிசோடு பாருங்கள். இறந்தவர் யார், எப்படி வாழ்ந்தார் என்று அதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கிறதா, காவலர்கள் தங்களுக்குக் கிடைத்த தகவலை ஒருவரோடொருவர் பகிர்ந்துகொள்கிறார்களா என்று கவனியுங்கள். இரண்டும் இல்லையென்றால் தயங்காமல் நிறுத்திவிடலாம். கடைசி எபிசோடில் அது திருந்தி நான் பார்த்ததில்லை. உடனே பார்க்க வேண்டுமென்றால் 'ஹேப்பி வேலி'யில் தொடங்குங்கள், சீசன் வரிசை மாறாமல் பார்ப்பது முக்கியம். பிறகு 'ஃபோர்பிருடெல்சன்' முதல் சீசன். இருபது எபிசோடு என்று மலைக்க வேண்டாம், அவசரப்படாமல் ஒரு நாளைக்கு ஒன்றாகப் பார்த்தால் கதையின் நாட்களோடு அது ஒத்துப்போகும். 'ஸ்பைரல்' தொடரின் முதல் சீசன் சற்றுக் கரடுமுரடானது. ஆனால் ஆய்வாளர் லோர் பெர்தோவின் குழுவை எட்டு சீசன்களும் தொடர்வதால் அதையும் தாண்டாமல் முதலிலிருந்தே பார்ப்பது நல்லது.